இரவில் தலை சாய்க்க மட்டுமா விடுதி?

ஜனவரி 11, வேளச்சேரி வாசகர் எழுதியது

வெளிநாடு போனால் விடுதிக்குப் பணம் கொட்டுவது வீண் என்பது என் கட்சி. காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புகிறோம். சுத்தமான படுக்கை, வெந்நீர், ஒழுங்காகப் பூட்டும் கதவு, இவை போதாதா? நீங்களும் உங்கள் கணவரும் விடுதியை முடிவு செய்த பிறகுதான் ஊரையே முடிவு செய்வீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி மறக்க முடியாதவை எவை? எதனால்?

ஜனவரி 12

போதாது. பெயர் பெற்ற எந்த ஊரும் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை சுற்றுலாப் பேருந்துகளின் கையில் இருக்கிறது. கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நாற்பது பேர் நகர்கிறார்கள், நாமும் நகர்கிறோம். ஊர் தன்னியல்பில் இருப்பது பொழுது புலரும்போதும் விளக்கு வைத்த பிறகும்தான். அந்த இரண்டு வேளையும் அங்கேயே தங்குகிறவருக்கு மட்டும் கிடைக்கும். எந்த டிக்கெட் கவுன்டரிலும் அவை விற்பனைக்கு இல்லை. அறை வாடகையோடு சேர்ந்து வருபவை.

அதனால் ஒரு விடுதியைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி, விடியும்போது அறைக்கு வெளியே என்ன இருக்கும் என்பது. என் கணவர் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்பது வேறு: இதை யார் கட்டினார்கள், ஏன் இப்படிக் கட்டினார்கள்? எங்கள் வீட்டில் பயணத் திட்டம் என்றாலே இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடக்கும் வழக்குதான்.

ஜனவரி 12, இரவு

வழக்கில்லாமல் இருவரும் ஒப்புக்கொண்ட விடுதியிலிருந்து தொடங்குகிறேன். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே இருக்கும் கண்டலம. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1994-ல் திறந்தது. பழைய அரண்மனைக் கோட்டை இருந்த சிகிரியா குன்றின் அடிவாரத்தில்தான் முதலில் இடம் பார்த்திருந்தார்கள். பாவா அதை மறுத்துவிட்டுத் தொலைவில் ஏரியைப் பார்த்து நிற்கும் ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். குன்றின் காலடியில் கட்டினால் குன்று கெட்டுப்போகும். எட்டி நின்றால் தினமும் அதைப் பார்க்கலாம். இதைச் சொல்லும்போது என் கணவருக்குக் குரல் தழுதழுக்கும்.

உள்ளே போகிற வழியே குகைக்குள் நுழைவது போல இருக்கும். நடைவழியில் போகும்போது ஒரு பக்கம் சுவருக்குப் பதிலாக மலைப்பாறை நிற்கிறது. பாறையை வெட்டாமல் அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். தூண்களின் மேல் கட்டடம் தூக்கி நிற்பதால் மழைத் தண்ணீரும் விலங்குகளும் அடியில் தம் வழியில் போகின்றன. முகப்பு முழுவதும் கொடி படர்ந்து, ஏரியிலிருந்து பார்த்தால் காடுதான் தெரிகிறது.

விடியற்காலையில் ஏரியின் மேல் பனி படுத்திருக்கும். மறுகரைக்கு அப்பால் சிகிரியா மெல்லத் தெரிய வரும். அந்த நேரத்தில் நம் பால்கனியில் நமக்கு முன்பே ஒரு குரங்குக் குடும்பம் உட்கார்ந்திருக்கும். கதவைத் தாழ் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பழத்தட்டு தப்பாது.

ஜனவரி 14

பாவாவைப் பார்க்க இலங்கைக்குத்தான் போக வேண்டுமா என்று ராயப்பேட்டை நண்பர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. நம் பின்னி சாலைக் கன்னிமாரா ஓட்டலை 1970-களில் புதுப்பித்தவர் அவர்தான். அதே காலத்தில் மதுரை கிளப்பையும் கட்டினார். கன்னிமாராவின் பெயர் 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர். நூலகத்துக்கு வாய்த்த அதே பெயர். சென்னையில் இருப்பவர்கள் அங்கே தங்க வேண்டியதில்லை. ஒரு மாலையில் தேநீர் குடிக்கப் போய், வெளியும் உள்ளும் எந்த இடத்தில் கலக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜனவரி 15

அடுத்தது ஜப்பானின் கோயாசான். மலை உச்சியில் ஒரு கோயில் நகரம். குக்காய் என்ற துறவி 9-ம் நூற்றாண்டில் உருவாக்கியது. அங்குள்ள கோயில்களில் ஐம்பது வரை யாத்ரீகர்களைத் தங்க வைக்கின்றன. மரத்தரையில் பாய், பாயின் மேல் மெத்தை, காகிதக் கதவு. குளிர்காலத்தில் போனால் உடம்பு அதை மறக்காது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பான் பெரிய சோதனை என்பது போனவர்களுக்குத் தெரியும். காய்கறிக் குழம்பு என்று நம்பி வாயில் வைத்தால் அடியில் மீன்சாறு இருக்கும். கோயாசானில் அந்தக் கவலை இல்லை. துறவிகள் சமைப்பது, மீனும் கிடையாது, இறைச்சியும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. உறைய வைத்து உலர்த்திய டோஃபு, எள்ளில் செய்த டோஃபு, மலைக்கீரை எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வருகின்றன. ஜப்பானில் நான் ஒரு வார்த்தை விசாரிக்காமல் சாப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

காலை ஆறு மணி வாக்கில் வழிபாடு. தங்கியிருக்கிறவர்கள் போய் உட்காரலாம். சில கோயில்களில் அக்கினி வளர்த்து, மரச்சுள்ளிகளை ஒவ்வொன்றாக இட்டு, முரசு அடித்து மந்திரம் சொல்கிறார்கள். ஹோமப் புகையில் வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது. பிறகு ஒக்குனோயின் என்னும் இடுகாட்டு வழி. பிரம்மாண்டமான தேவதாரு மரங்கள், பாசி படிந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள், முடிவில் குக்காயின் சமாதி. அவர் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. இன்றும் நாள்தோறும் அவருக்கு உணவு எடுத்துப் போகிறார்கள். நம் ஊர் ஜீவசமாதிகளை வணங்கியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். பகல் பேருந்துக் கூட்டம் வருமுன் அந்தப் பாதையில் நடக்க வேண்டுமென்றால் மலையிலேயே படுத்திருக்க வேண்டும். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஜனவரி 16

"கோயிலில் தங்கியதை விடுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்று அண்ணா நகரிலிருந்து ஒருவர். ஏன் கூடாது? அறை கொடுத்து, சோறு போட்டு, காலையில் வழியனுப்புகிறார்கள். விடுதித் தொழில் வளர்ந்ததில் யாத்ரீகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் சரபோஜி கட்டிய ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரம் போகிறவர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, நோயுற்றால் மருத்துவம். அந்த மனம்தான் விடுதிக்கு மூலதனம்.

ஸ்பெயினின் சந்தியாகோ நகரத்தில் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய விடுதி இருக்கிறது. நடந்தே வரும் யாத்ரீகர்களுக்கு மருத்துவமனையாக 15-ம் நூற்றாண்டின் கடைசியில் அரசரும் அரசியும் கட்ட உத்தரவிட்டது, 1954-ல் ஓட்டலாயிற்று. ஆனாலும் தினமும் முதலில் வந்து சேரும் சில யாத்ரீகர்களுக்கு அங்கே இலவசச் சாப்பாடு போடும் வழக்கம் தொடர்கிறது. இதைக் கேட்டதும் என் கணவர், "இதுதான் நம் சத்திரம்" என்றார்.

ஜனவரி 16, சற்றுப் பிறகு

ஸ்பெயின் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். அந்த விடுதி அரசே நடத்தும் தொடரைச் சேர்ந்தது. பராதோர் என்பார்கள். 1928-ல் தொடங்கினார்கள். பாழடையக் கிடந்த கோட்டைகளையும் மடங்களையும் விடுதியாக்கி, அந்த வருமானத்தில் கட்டடங்களைக் காப்பாற்றுகிறார்கள். நம் நாட்டிலும் எத்தனையோ சத்திரங்கள் கூரை இடிந்து நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம் இந்தத் திட்டம் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது.

கிரனடாவில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா கோட்டை வளாகத்துக்கு உள்ளேயே ஒரு பராதோர் உண்டு. பழைய பிரான்சிஸ்கன் மடம். அரசி இசபெல்லாவை முதலில் புதைத்தது அங்கேதான். 1521-ல்தான் நகரத்துப் பேராலயத்தை ஒட்டிய அரச ஆலயத்துக்கு மாற்றினார்கள். மாலையில் கூட்டம் மலையிறங்கிய பிறகு அந்த மரத்தடி வழிகளில் நடந்தோம். தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கூடவே வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளே தங்கினாலும் வளாகத்தில் இருக்கும் அந்த அரசர்களின் நஸ்ரித் அரண்மனைகளுக்குத் தனி டிக்கெட் வேண்டும், அதை முன்பே வாங்கிவிட வேண்டும். அறை இருக்கிறதே என்று அலட்சியமாக வந்து வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன்.

ஜனவரி 19

குளிர் தாங்காத சென்னைக்காரர்கள் பனி விடுதியில் எப்படித் தூங்கினீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதத்தான் வேண்டும்.

ஸ்வீடனில் கிரூனாவுக்குப் பக்கத்தில் யுக்கஸ்யார்வி என்ற சிற்றூர். ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே. டோர்னே ஆறு உறைந்திருக்கும்போது வசந்த காலத் தொடக்கத்தில் பனிக்கட்டிப் பாளங்களை அறுத்துக் கிடங்கில் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவற்றைக் கொண்டு விடுதி எழும்புகிறது. வெயில் வந்தால் உருகித் திரும்ப ஆற்றுக்கே போய்விடும். 1989-90 குளிர்காலத்திலிருந்து இது நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய சிற்பிகள், புதிய அறைகள். 2016-லிருந்து ஆண்டு முழுவதும் உருகாத ஒரு பகுதியும் சேர்ந்திருக்கிறது. கோடையில் அதைக் குளிர்விக்கச் சூரிய ஒளி மின்சாரம் உதவுகிறது.

அறையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 5 முதல் 8 டிகிரி. பனிக்கட்டிக் கட்டில், மேலே கலைமான் தோல், அதன் மேல் தடித்த உறங்கு பை. பெட்டி படுக்கையெல்லாம் சூடாக்கிய வேறொரு கட்டடத்தில் வைத்துவிட வேண்டும், கழிப்பறையும் அங்கேதான். இரவில் ஒருமுறையாவது எழுந்திருக்கும் வயதுக்காரர்கள் இதை யோசித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். பெரும்பாலோர் ஓர் இரவு பனியில் படுத்துவிட்டு மற்ற இரவுகளில் சூடான குடிலுக்கு மாறிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

ஜனவரி 19, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் சிரிக்கிறார். நாங்கள் போனது டிசம்பர் பாதிக்கு மேல். அந்த அட்சரேகையில் அப்போது சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. "விடியலே இல்லாத ஊரைப் பட்டியலில் வைத்திருக்கிறாயே, உன் சட்டம் என்ன ஆயிற்று?" என்கிறார்.

படுக்கும்போதே இதை யோசித்தேன். என் சட்டம் நிற்கிறது. காலையில் அங்கே ஒரு பணியாளர் அறைக்குள் வந்து சூடான லிங்கன்பெர்ரி சாற்றைக் கையில் கொடுத்து எழுப்புகிறார். அந்தச் சூடு தொண்டையில் இறங்கும்போது பொழுது விடிந்துவிட்டது என்று உடம்பே சொல்கிறது. வெளியே வந்தால் நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் ஒரு நீல ஒளி. பனியும் வானமும் ஒரே நிறம். விடியல் என்று நான் சொல்வது சூரியனைப் பற்றியது மட்டும் அல்ல. அந்த ஊரில் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்பதை உள்ளிருந்து பார்ப்பது.

ஜனவரி 21

இன்று என் கணவர் முறை. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

வியட்நாமின் ஹனோய் நகரத்து மெட்ரோபோல் ஓட்டல், 1901. வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல். 2011-ல் நீச்சல்குளத்துக்கு அருகே மதுக்கூடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது அடியில் கான்கிரீட் தட்டுப்பட்டது. அமெரிக்கக் குண்டுவீச்சின்போது விருந்தினர்களைக் காத்த பதுங்கறை. போருக்குப் பிறகு மூடி, எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1972 டிசம்பர் குண்டுவீச்சில் அமெரிக்கப் பாடகி ஜோன் பாயஸ் அதற்குள்தான் இருந்தார். இப்போது தங்குகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். குறுகிய படி, தலையில் இடிக்கும் கூரை, ஈர வாடை. மேலே வெள்ளி முட்கரண்டியில் கேக் சாப்பிடுகிறார்கள். தடிமன் என்ன, மண் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று இவர் வழிகாட்டியைத் துளைத்தெடுத்துவிட்டார். எனக்கு அங்கே மூச்சு முட்டியது. ஆனால் மேலே வந்து வெயிலைப் பார்த்தபோது, அந்த டிசம்பரில் மேலே ஏறி வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. அதனால் என் பட்டியலிலும் சேர்த்தேன்.

ஜனவரி 22

சிங்கப்பூர் ராஃபிள்ஸ்தான் சார்க்கீஸ் சகோதரர்களின் முதல் ஓட்டல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ராஃபிள்ஸ் 1887. பினாங்கில் கடலை ஒட்டி நிற்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் அதற்கு முந்தியது, 1885. ரங்கூன் ஸ்ட்ராண்ட் 1901. ஆர்மேனியச் சகோதரர்கள் நால்வர், ஈரானின் இஸ்பஹானிலிருந்து வந்தவர்கள்.

ஆர்மேனியர் என்றதும் கணவர் பாரிமுனைக்குப் போய்விட்டார். அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மேனியன் தெருவின் தேவாலயம், பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டிக்கொடுத்த பெட்ரஸ் உஸ்கான், 1794-ல் நம் சென்னையில் அச்சான உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை என்று ஒரு மணி நேரம். பினாங்கு அப்படியே நின்றுபோயிற்று. சுருக்கமாக: கடல் பக்கத்து அறை, காலையில் மலாக்கா நீரிணை, சற்று நடந்தால் குயின் தெரு மாரியம்மன் கோயிலில் மேளச் சத்தம். காலைப் பூசைக்கு நடந்து போகக்கூடிய வெளிநாட்டு ஓட்டல் வேறெங்கே கிடைக்கும்?

ஜனவரி 25

பிடிக்காதது ஒன்றையும் சொல்லுங்கள் என்கிறார்கள். வளைகுடா நகரம் ஒன்றில் வானளாவிய கோபுரம். பெயர் வேண்டாம். பளிங்கும் வாசனைத் திரவியமுமாக எந்தக் குறையும் இல்லை. ஜன்னல் திறக்காது. காலையில் திரைச்சீலையை விலக்கினால் கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு கோபுரத்தின் கண்ணாடி. வெளியே சூடா, காற்றா, எந்தப் பறவை கத்துகிறது என்று எதுவும் தெரியாமல் நாள் தொடங்கியது. அந்த அறையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

ஜனவரி 26

அதற்கு நேர் எதிர், மொராக்கோவின் ஃபெஸ் நகரம். பழைய நகருக்குள் கார் நுழையாது. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து ஒருவர் முன்னே போகிறார், ஆள் இடிக்கும் சந்துகளில் நாம் பின்னே போகிறோம். ஒரு மொட்டைச் சுவர், அதில் ஒரு கதவு. திறந்தால் உள்ளே திறந்த முற்றம், நடுவில் நீரூற்று, ஆரஞ்சு மரம், இடுப்பு உயரத்துக்கு வண்ண ஓட்டுச் சித்திரம். அறைகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தவை. வெயிலும் புழுதியும் தெருவோடு நின்றுவிடும். விடியுமுன் ஒரு பள்ளிவாசலில் பாங்கு எழும், இன்னொன்று தொடரும், மாடியில் நின்றால் நகரம் முழுவதும் குரல்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த என் தோழி படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கள் வளவுதான் இது" என்றாள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள். உண்மை. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய வீடுகளில் தங்கிப் பாருங்கள். பர்மா தேக்குத் தூண், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், காலைக் குளிர்விக்கும் ஆத்தங்குடிக் கல். வெளிநாட்டுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் ஏங்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் இருவர் பட்டியலிலும் இது ஃபெஸுக்கு மேலே இருக்கிறது.

ஜனவரி 27

கல்லூரி மாணவர் ஒருவருக்கு: ஆம், ஓர் ஆள் படுக்க மட்டும் இடமுள்ள பெட்டிகளை அடுக்கிய கேப்சூல் விடுதியிலும் படுத்திருக்கிறோம். 1979-ல் ஒசாகாவில் முதலாவதைத் திறந்தார்கள், வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. ஆணுக்கு ஒரு தளம், பெண்ணுக்கு ஒரு தளம். திருமண நாள் கொண்டாடப் போகாதீர்கள்.

இன்னொருவருக்கு: உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் ஏற்றிருப்பது ஜப்பானின் யமனாஷி மாவட்டத்து வெந்நீர் ஊற்று விடுதி, கெய்உன்கான். 705-ம் ஆண்டு. காஞ்சியில் ராஜசிம்மன் கைலாசநாதர் கோயில் எழுப்பிய காலத்தை ஒட்டி! அங்கே இன்னும் தங்கவில்லை. கணவர் பணம் சேர்க்கிறார்.

ஜனவரி 30

பெரம்பூர் சகோதரி, உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியம். அப்பாவின் சஷ்டியப்த பூர்த்தி முடிந்ததும் பெற்றோரை எங்காவது அனுப்ப வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம், முதல் வெளிநாட்டுப் பயணம் என்கிறீர்கள்.

கண்டலமவைச் சொல்ல ஆசை. ஆனால் அந்தக் கட்டடம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். முழங்கால் வலிக்கு அது ஒத்துவராது. கோயாசானில் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், அதுவும் வேண்டாம்.

கொழும்பு கால்பேஸ் ஓட்டலுக்கு அனுப்புங்கள். விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். 1864-லிருந்து கடலோரத்தில் நிற்கிறது. மேற்குப் பார்த்த கடல், ஆகவே அங்கே பொழுது அந்தியில்தான். அஸ்தமன வேளையில் பைப் இசை முழங்கக் கொடி இறக்குவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கேரளத்திலிருந்து போய் 1942-ல் வேலைக்குச் சேர்ந்து, 2014-ல் காலமாகும் வரை அந்த வாசலில் வெள்ளை மீசையோடு கைகூப்பி வரவேற்றவர் சாத்துக்குட்டன். அவரைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். எதிரே கால்பேஸ் திடலில் மாலையில் கொழும்பே பட்டம் விடும். தமிழ் பேச ஆள் உண்டு, இடியாப்பமும் சொதியும் கிடைக்கும்.

கடல் பார்த்த அறை வேண்டும், மின்தூக்கிக்குப் பக்கத்தில் வேண்டும் என்ற இரண்டையும் முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கியபின் கேட்டால் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போய் வரும்படி டிக்கெட் எடுத்துவிடுங்கள்.